சோழகம் இசைக்குழுவும் ஒரு கால் சுற்றும்

அக்டோபர் 9, திங்கள்

இந்த நோட்டில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, இதை எழுதுகிற இஞ்ஞாசியாகிய நான், நெஞ்சில் கை வைத்து உறுதி கூறுகிறேன். மற்றக் கையில் டீ இருக்கிறது. அதனால் பாதி உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோட்டு, என் அக்கா மகள் ரெனிட்டா வாங்கித் தந்தது. "மாமா, சோழகத்தப் பத்தி தெனம் கொஞ்சமா எழுதுங்க. ரசிகர் பக்கத்துல போடணும். ஆனா நடந்தது நடந்தபடி. அளக்கக் கூடாது."

"நான் என்னைக்கு மருமவளே அளந்திருக்கேன்?"

"போன வருசம் அவங்க பாட்டுக்கு எட்டு கப்பல் சங்கு ஊதுச்சுன்னு சொன்னீங்க. இந்த வருசம் பன்னெண்டு."

"நாலு கப்பல் பெறகு வந்து சேந்துச்சு."

ஆகவே வருங்காலச் சந்ததிகளே, கேளுங்கள். சோழகம் என்பது எங்கள் தூத்துக்குடிக் கடலில் தெற்கிலிருந்து வரும் காற்றின் பெயர். அந்தப் பெயரில் தொண்ணூற்றாறில் மூன்று பேர் ஒரு ராக் குழு நடத்தினார்கள். கிடாரும் குரலும் ஆம்புரோஸ். டிரம்ஸ் செல்வின், ஒரே ராத்திரியில் நாற்பத்தொரு குச்சியை உடைத்தவன். பேஸ் கிடார் தஸ்நேவிஸ். ஊரே கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு கேட்ட காலத்தில் இவர்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கப்பல்காரர்கள் கொண்டுவந்த கிடாரில் இரைச்சலைக் கூட்டிப் பாடினார்கள். ஒரே ஒரு கேசட் போட்டார்கள். முந்நூறு பிரதி. அதில் விற்றது, கொடுத்தது, திருடு போனது எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு. அதைப் பதிந்து கொடுத்த ஒலிச் சக்கரவர்த்தி நான். கடை இப்போது மூடிக் கிடக்கிறது. சக்கரவர்த்திக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது.

ஆம்புரோஸ் இல்லை. செல்வின் இல்லை. தஸ்நேவிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

அக்டோபர் 12, வியாழன்

காலையில் மாத்திரை. சாளை மீன் கால் கிலோ. கடையைத் திறந்து தூசி தட்டினேன். வெளியேறிய சிலந்தி ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி தேறும்.

வருடா வருடம் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று சோழகம் ரசிகர்கள் இங்கே கூடுவார்கள். முதலில் கல்லறைத் தோட்டத்தில் செல்வினுக்கு மெழுகுவர்த்தி. பிறகு என் கடையில், அந்தக் கேசட்டைப் பதிந்த அதே மிஷினில், ஒன்பது பாட்டையும் கேட்போம். யாரும் பேசக்கூடாது என்பது விதி. விதியை வகுத்தவன் நான், மீறுபவனும் நான்தான்.

சாயங்காலம் ரெனி ஓடி வந்தாள். "மாமா, பிலோமி அத்தை வீட்டுல மாஸ்டர் கேசட் கெடச்சிருக்கு! நீங்க மிஷின் தின்னுட்டுன்னு சொன்னீங்களே, அதே ஒரிஜினல்!"

பிலோமி ஆம்புரோஸின் தங்கை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி பழசு, அதனால்தான் ஆடியது.

அக்டோபர் 13, வெள்ளி

கொசு. ஒவ்வொன்றும் காக்கா அளவு. தூங்கவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

பூசை முடிந்து பிலோமி வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல டீயும் இரண்டு மக்ரூனும் வைத்தாள். சர்க்கரை என்று சொன்னால், "ஒண்ணு ஒடம்புக்கு, ஒண்ணு மனசுக்கு" என்பாள். இருபது வருடமாக இதே வசனம்.

இரண்டாயிரத்தொன்றில் ஆம்புரோஸ் வேலை பார்த்த கப்பலில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தான். மொம்பாசா என்கிற வெளிநாட்டுத் துறைமுகத்தில் அடக்கம். பெட்டி மட்டும் ஊருக்கு வந்தது. அதை அவள் இத்தனை வருடமாகத் திறக்கவில்லை. போன மாதம் கூரை ஒழுகி, பெட்டி நனைந்து, திறக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு சட்டை, ஒரு ஜெபமாலை, ஸ்பீக்கர் வைத்த சின்ன டேப் ரிக்கார்டர். டேப்புக்குள் அந்தக் கேசட்.

"பாதியில நிக்கி அண்ணே, பாருங்க. கடைசிப் பாட்டுகிட்ட நிறுத்திருக்கான் போல."

"கப்பல் ஆட்டத்துல நகந்திருக்கும்" என்றேன்.

"இத அவனுக்கு யாரு குடுத்தா?"

மக்ரூன் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மக்ரூனின் குணமே அதுதான்.

கேசட்டை ரெனியிடம் கொடுத்துவிட்டாளாம். நவம்பர் இரண்டில் எல்லோருக்கும் முன்னால் போட வேண்டும் என்று ஒரே ஆசை. "அவன் போனதுக்குப் பெறகு ஒரு தடவ கூட அந்தப் பாட்டக் கேட்டதில்லண்ணே. இந்தத் தடவ வந்து உக்காந்து கேக்கேன்."

அக்டோபர் 19, வியாழன்

ரெனியிடம் ஆபத்துகளை விளக்கினேன். இருபது வருடம் கடற்காற்றுப் பட்ட நாடாவில் பூஞ்சை பிடிக்கும்; அதை ஓட்டினால் மிஷின் வெடிக்கும்; ஜப்பானில் இப்படி ஒரு தெருவே எரிந்தது.

"சுத்தம் பண்ணிட்டேன் மாமா. நல்லா இருக்கு. இத ஓட்ட இப்ப ஓடுத மிஷின் உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. அதுலதான் போடணும்."

என் மிஷினில்தான் போட வேண்டும். இதை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

மழை. ரசிகர் பக்கத்துக்காக, பதிவு நடந்த வரலாறு.

தொண்ணூற்றாறு ஆகஸ்டு. என் கடையின் பின்னறையில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிந்தோம். வியர்வையில் செல்வின் நீந்தித்தான் டிரம்ஸுக்குப் போனான். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் மாஸ்டர். பாடி முடித்துக் கணக்குப் பார்த்தால் ஒன்பது பாட்டு, அறுபத்து நான்கு நிமிடம். பிரதி எடுக்க நான் வாங்கி வைத்திருந்ததோ அறுபது நிமிடக் கேசட், முந்நூறு.

"ஒரு பாட்டத் தூக்கிருவோம்ல" என்றேன்.

ஆம்புரோஸ் ஒன்பதாவது பாட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அது அவன் அப்பா தோணியில் போய்த் திரும்பாததைப் பற்றிய பாட்டு. "இது இல்லேன்னா மத்ததும் வேண்டாம் மக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் வராது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதையும் சேர்த்து ஒன்பதும் அடங்கியது. அறுபத்து நான்கு எப்படி அறுபதில் அடங்கும்? தொழில் ரகசியம்.

அக்டோபர் 25, புதன்

மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை.

அக்டோபர் 28, சனி

நாற்காலி நாற்பது சொல்லியாயிற்று. மெழுகுவர்த்தி, காகிதக் கப். மதுரையிலிருந்து பதினோரு பேர் வருகிறார்கள். அதில் எழிலன் என்றொருவன், ஆம்புரோஸ் எட்டிப் பிடிக்கும் உச்ச இடத்தில் தானும் பாட ஆறு வருடம் முயன்று தொண்டையில் ஆபரேஷன் ஆனவன். அதைப் பெருமையாகச் சொல்கிறான். இணையத்தில் ஆம்புரோஸை "வானத்துக் குரல்" என்கிறார்கள்.

அலமாரியில் வேறு எதையோ தேடும்போது ஆம்புரோஸின் தபால் அட்டை அகப்பட்டது. தொண்ணூற்றெட்டில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போட்டது. இரண்டே வரி. "நல்லா இருக்கியா மக்கா? உன் மிஷினு நல்லா ஓடுதா?"

மரியாதைக்குக் கேட்டிருப்பான்.

சரி, கச்சேரியையும் எழுதிவிடுகிறேன். ரெனி விடமாட்டாள். தொண்ணூற்றாறு டிசம்பர் இருபத்தெட்டு, ஒரு கிளப் அரங்கம். அதற்குள் கேசட் கைமாறிக் கைமாறி அறுநூறு பேர் வந்துவிட்டார்கள். அறுபதாயிரம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். அறுநூறு.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் ஆம்புரோஸ் கடைக்கு வந்தான். கையில் கேசட். "இஞ்ஞாசி, நான் இம்புட்டு மேலயா பாடுனேன்?"

தஸ்நேவிஸும் கூட வந்திருந்தான். "கிடார் சுதியும் மேல நிக்குதுவே. நாம இப்படியா வச்சோம்?"

நான் சொன்னேன்: "பதிஞ்ச அன்னைக்குக் கோயில் ஆர்மோனியத்துக்குச் சுதி சேத்தீங்கல்ல, அது கொஞ்சம் ஏத்தம். மறந்துட்டீங்களோ? பாடுனது நீதாம்ல. பெறகு யாரு?"

நம்பினான். நான் எத்தனையோ பொய்யை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறேன், அவன் சிரிப்பானே தவிர நம்பமாட்டான். சின்னதாக, சாதாரணமாகச் சொன்ன ஒன்றை நம்பினான்.

கேசட்டுக்குத் தகுந்தபடி கம்பியை ஏற்றிக் கட்டினார்கள். இரண்டாவது பாட்டில் கிடார் கம்பி அறுந்தது. மூன்றாவது பாட்டில் அவன் குரல் உடைந்தது. மறுபடி முயன்றான். மறுபடியும் உடைந்தது. கூட்டத்தில் எவனோ கத்தினான்: "ஏல, பேசாம கேசட்டப் போடுங்கல, அதாவது ஒழுங்காப் பாடும்!"

அறுநூறு பேர் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் மேடையில் பாடவில்லை. மூன்று மாதத்தில் கப்பலுக்குப் போய்விட்டான்.

பன்னிரண்டு கப்பல் ஊதியதை இங்கே எழுத வேண்டும். கை வலிக்கிறது.

அக்டோபர் 30, திங்கள்

பிலோமி கடைக்கு வந்தாள். கூட்டத்துக்கு முன்னால் தனியாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டுமாம். எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவாளோ என்று பயம். கேசட்டை ரெனியிடமிருந்து வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

போட்டேன். முதல் பாட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் மிஷினின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. அழவில்லை.

"கேசட்டுல அப்பவே வேற யாரோ பாடுத மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. ஒரிஜினல்லயாவது அவன் இருப்பான்னு நெனச்சேன்" என்றாள். "இதுவும் அதே கணக்காத்தான் இருக்கு."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே அதிகம் பேசியவன் என்று எனக்கு விருது தரலாம்.

"ஒங்களுக்குத் தெரியாது. நாந்தான் அவன அனுப்புனேன்" என்றாள். "கொரல் போச்சுன்னு ஊரே சொல்லுது, இன்னும் எதுக்குக் கிடாரத் தூக்கிட்டு அலையுத, கப்பலுக்குப் போன்னு சொல்லிட்டேன். சோத்துல கை வச்சிருந்தான். கையக் கழுவிட்டு எந்திச்சிட்டான். போகும்போதும் எங்கிட்ட சிரிச்சிட்டுத்தான் போனான். அதான் தாங்கல."

கேசட்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றினாள். மூலை மூலையாக, ஒழுங்காக.

அக்டோபர் 31, செவ்வாய்

துறைமுக வாசலில் தஸ்நேவிஸைப் பிடித்தேன். ஷிப்டு முடிந்து வந்தவனை டீக்கடைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டரை ஓட்டிப் பிரதி எடுத்த என் மிஷினில், மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை; உள்ளே ஒரு திருகு. திருகினால் வேகம் கூடும். அறுபத்து நான்கு நிமிடத்தை அறுபதில் அடக்க அதைத் திருகினேன். வேகம் கூடினால் குரலும் மேலே போகும், கிடாரும் மேலே போகும். ஊர் கேட்டது ஆம்புரோஸை அல்ல. கோயில் ஆர்மோனியத்துக்குச் சுதி சேர்க்கவே இல்லை. அவன் கேட்ட அன்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சொன்னால் முந்நூறு கேசட்டும் குப்பை, கடை பெயரும் குப்பை. அவன் ஊரைவிட்டுப் போன அன்று, வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் மாஸ்டரைப் பேப்பரில் சுற்றி அவன் பையில் வைத்தேன்.

தஸ்நேவிஸ் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். பிறகு சிரித்தான். "வே, பன்னெண்டு கப்பல் கதைக்கு இது தேவலாம். ஆனா பிலோமிகிட்ட இந்தக் கதைய விட்டுராதீரும். பாவம், அது நம்பிரும்."

என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஐம்பத்தாறு வருடமாக நான் சேர்த்து வைத்த சொத்து இதுதான்: ஒருமுறை உண்மையைச் சொன்னால் டீக்கடையில் சிரிப்பு.

நவம்பர் 1, புதன்

புதன்கிழமை இருபத்தைந்தாம் தேதி எண்ணெய் போட்டேன் என்று எழுதியிருந்தேன். எண்ணெய் போடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தொண்ணூற்றாறிலேயே பழையபடி வைத்திருந்த திருகை மறுபடியும் அதே கால் சுற்றுத் திருகி வைத்தேன். மாஸ்டரும் வானத்துக் குரலாகவே பாடும், யாருக்கும் எப்போதும் தெரியாது என்று. திங்கள்கிழமை பிலோமி கேட்டது அதைத்தான். இரண்டாவது முறையாக அவளுடைய அண்ணனை அவளிடமிருந்து எடுத்தேன்.

நவம்பர் 2, வியாழன்

மதியம் முதல் தூறல். கல்லறைத் தோட்டத்தில் ஆயிரம் குடை. (நிஜமாகவே இருக்கும்.) செல்வின் ஒன்பது வருடத்துக்கு முன்னால் பைபாஸ் ரோட்டில் லாரி மோதிப் போனவன். அவன் கல்லறையில் எப்போதும் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஒன்று அவனுக்கு, இன்னொன்று இங்கே கல்லறை இல்லாத ஆம்புரோஸுக்கு. "செல்வின்கிட்ட ஒண்டுக்குடித்தனம்" என்று வருடா வருடம் நான்தான் சொல்வேன். இன்று சொல்லவில்லை. ரெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து மணிக்குக் கடை நிறைந்தது. பிலோமி முன்வரிசையில் சுவரோரமாக. தஸ்நேவிஸ் வாசலில் நின்றான். ரெனி கேசட்டைப் போட்டாள். முதல் பாட்டு ஆரம்பித்தது. ஆம்புரோஸ் மேலே, மேலே, எழிலனின் தொண்டையைக் கிழித்த அந்த உச்சத்துக்குப் போனான். எழிலன் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் எழுந்தேன். "இது ஆம்புரோஸ் குரல் இல்ல" என்றேன்.

"மாமா ஆரம்பிச்சிட்டாரு" என்றது ஒரு குரல். சிரிப்பு. "இன்னைக்கு எத்தன கப்பல் மாமா?"

நின்றபடியே சொன்னேன். திருகையும், அறுபத்து நான்கு நிமிடத்தையும், ஆர்மோனியப் பொய்யையும். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார்கள். கதை நன்றாக இருக்கிறது என்று ஒருவன் கைகூடத் தட்டினான். பிலோமி மட்டும் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

மிஷினைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. துளைக்குள் விட்டேன். திருகினேன்.

அவன் இறங்கி வந்தான். ஒரே மூச்சில், பாடிக்கொண்டே, மாடிப்படியில் இறங்கி வருகிறவனைப் போல. கிடார் தடித்தது. செல்வினின் அடி நிதானமானது. உச்சத்தில் இருந்த குரல் தரைக்கு வந்து, கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் சளி பிடித்த மாதிரி, இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனின் குரலாக நின்றது.

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

பிலோமி எழுந்துவிட்டாள். "இதான்" என்றாள். "இதான் எங்கண்ணன். சோறு ஆயிட்டா'ன்னு கேக்குத கொரல்."

தஸ்நேவிஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "அந்தக் கம்பி" என்றான். "அந்தக் கம்பிய நாந்தான்வே ஏத்திக் கட்டுனேன்."

ஒன்பது பாட்டும் ஓடியது. அறுபத்து நான்கு நிமிடம். முதல் முறையாக எல்லோரும் விதியைக் காப்பாற்றினார்கள், நானும். எழிலன் மட்டும் முடிந்ததும் என்னிடம் வந்தான். "அப்ப நான் ஆறு வருசமா யாரு மாதிரி பாடப் பாத்தேன் மாமா?"

"என் மிஷின் மாதிரி" என்றேன்.

பிலோமி கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு குடையில்லாமல் போனாள். ரெனி பின்னால் ஓடினாள்.

நவம்பர் 3, வெள்ளி

நாற்காலி திருப்பி அனுப்பினேன். மழை.

நவம்பர் 5, ஞாயிறு

ரெனி காலையில் வந்து, "பிலோமி அத்தை ஒங்கள வரச் சொன்னாங்க. ஸ்க்ரூ டிரைவரோட" என்றாள்.

போனேன். மேசையில் ஆம்புரோஸின் சின்ன டேப். இருபத்திரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்ததில் ரப்பர் இளகிப்போயிருந்தது. மாற்றிப் போட்டேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, பாட்டுகளை ஓட விட்டு, வேகத்தைச் சரிபார்த்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து என் விரலையே கவனித்தாள்.

"அவன் கேட்ட அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டான்லா?"

"தெரியல பிலோமி" என்றேன்.

"இந்த டேப்புலதான கேட்டிருப்பான், அங்க வச்சு?" என்றாள். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்லா, கொரல் போகலன்னு?"

தபால் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வரியையும் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

டீ கொடுத்தாள். மக்ரூன் வைக்கவில்லை.

கிளம்பும்போது உள்ளே ஒன்பதாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தெரு முனை வரைக்கும் கேட்டது. மிஷின் நல்லாத்தான் ஓடுதுல, ஆம்புரோஸ்.

ரெனி, நடந்தது நடந்தபடி எழுதச் சொன்னாய். பன்னிரண்டு கப்பலும் ஊதவில்லை. ஒரு கப்பலும் ஊதவில்லை. செல்வின் உடைத்தது நாற்பத்தொரு குச்சி அல்ல, இரண்டு. ஜப்பானில் தெரு எரிந்ததாக எனக்குத் தகவல் இல்லை. சிலந்தி சிலந்தி அளவுதான் இருந்தது. இருபத்தேழு வருடமாக நான் சொன்ன கதைகளுக்கு அடியில் ஒரே ஒரு சின்ன விஷயம் உண்மை. அதை மட்டும் நான் ஒருபோதும் பெரிதாக்கிச் சொன்னதில்லை, போன செவ்வாய் வரைக்கும் சொன்னதே இல்லை.

அந்தத் திருகு. கால் சுற்று.